ஸ்னாப்டிராகன் சொதப்புகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

செடி வாடினாலும் சரி, பூக்காமல் சண்டித்தனம் செய்தாலும் சரி, நம் கை முதலில் நீள்வது உர டப்பாவை நோக்கித்தான். ஸ்னாப்டிராகன் விஷயத்தில் கொஞ்சம் பொறுங்கள். இந்தச் செடியில் நான் பார்த்த கோளாறுகளில் முக்கால்வாசிக்கு உரமும் காரணமில்லை, பூச்சியும் காரணமில்லை. ஒன்று வெயில் ஏறிய பிறகு நட்டிருப்பார்கள், இல்லை அந்தப் பருவத்துக்கு ஒத்துவராத ரகத்தை வாங்கியிருப்பார்கள். மத்தியதரைக் கடலின் மேற்குப் பக்க நாடுகளில் பாறை இடுக்கிலும் பழைய சுவர் வெடிப்பிலும் தானாக முளைக்கிற, மூடிய வாய் மாதிரி பூக்கள் நீளக் கதிரில் வரிசையாக விரிகிற பூச்செடி இது. நல்ல வெளிச்சம், குளிர்ந்த இரவு, தண்ணீர் தேங்காத வேர், இந்த மூன்றும் இருந்தால் போதும் அதற்கு. கீழே உங்கள் செடியின் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம், வரிசையாகப் படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

விதை போட்டு இரண்டு வாரம் ஆச்சு, ஒன்றுமே காணோம்

மண்ணுக்குள் புதைத்தீர்களா? அப்படியென்றால் வேறு காரணம் தேட வேண்டாம். ஒரு கிராமில் ஆறாயிரத்துக்கு மேல் விதை இருக்கும், தூசி மாதிரி, அதைக் கால் அங்குலம் மண்ணுக்குள் தள்ளினால் மேலே வருவதற்கான தெம்பு அதற்குக் கிடையாது. தவிர முளைக்க வெளிச்சமும் வேண்டும். ஈரமான நாற்றுக் கலவையின் மேல் தூவி, விரலால் லேசாக அழுத்தி, அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். மேலே மூடித்தான் ஆக வேண்டும் என்று மனசு கேட்காவிட்டால் வெர்மிகுலைட்டை (நாற்றுக் கலவையில் சேர்க்கும் லேசான கனிமத் துகள்) விதை பாதி தெரிகிற அளவுக்கு மெல்லியதாகத் தூவுங்கள்.

அடுத்த சந்தேகம் தண்ணீர் ஊற்றிய விதம். பூவாளியால் மேலிருந்து ஊற்றினால் விதையெல்லாம் தட்டின் ஒரு மூலைக்கு ஓடிப்போய்க் குவிந்துவிடும், அங்கே மட்டும் புல் மாதிரி முளைக்கும். தட்டை இன்னொரு பெரிய தட்டில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். உறை பூசிய விதை வாங்கியவர்களுக்குத் தனி எச்சரிக்கை: அந்த உறை நன்றாக நனைந்து பிளக்க வேண்டும், பாதி நனைந்து மறுபடி காய்ந்தால் உள்ளே இருக்கிற விதை போய்விடும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள், அப்புறம் விதை மட்டம் என்று திட்டுகிறார்கள்.

வெப்பம் 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் இருந்தால் 7 முதல் 14 நாளில் முளைக்கும். அறை அதைவிடச் சூடாக இருந்தால் முளைப்பு குறைந்துகொண்டே போகும். சூடான காலத்தில் விதைக்க நேர்ந்தால் நான் பாக்கெட்டைச் சில நாள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் எடுப்பேன், தட்டையும் வீட்டிலேயே குளுமையான மூலைக்கு மாற்றிவிடுவேன்.

முளைத்தது, ஆனால் சாய்ந்துவிட்டது

குனிந்து தண்டின் அடியைப் பாருங்கள். மண்ணை ஒட்டிய இடம் நூல் மாதிரி சுருங்கிப் பழுப்பாகியிருந்தால் நாற்றழுகல் நோய், பூஞ்சை வேலை. சாய்ந்தது பிழைக்காது, பக்கத்தில் இருப்பதைக் காப்பாற்றப் பாருங்கள்: மூடியைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள், மேல்மண் கொஞ்சம் காயட்டும், நெருக்கமாக இருக்கிற நாற்றைக் கத்தரித்து எடுங்கள். அடுத்த தடவை பழைய தொட்டி மண்ணை எடுத்து நாற்று விடாதீர்கள்.

தண்டு வெளுத்து நீளமாகி ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தால் அது நோயே இல்லை, வெளிச்சப் பஞ்சம். முளைத்த கையோடு தட்டை இன்னும் வெளிச்சமான, இன்னும் குளிர்ந்த இடத்துக்கு மாற்ற வேண்டும், பகலில் 15 டிகிரி, இரவில் 10 டிகிரி பக்கம் இருந்தால் நாற்று குட்டையாகத் தடித்து வரும். முளைக்க வைத்த வெதுவெதுப்பிலேயே தொடர்ந்து வைத்திருப்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு.

ஒரு மாதம் ஆகியும் கடுகளவில்தான் நிற்கிறதா? அது கோளாறே இல்லை. ஆரம்பத்தில் ஆமை வேகம்தான், விதைத்ததிலிருந்து நடுகிற பருவம் வர 8 வாரம்கூட ஆகும். அதைப் பார்த்து உரம் போட்டு வேரைக் கருக்கிவிடாதீர்கள்.

ஒரே குச்சியாக மேலே போகிறது, கிளையே இல்லை

நுனி கிள்ளவில்லை, அவ்வளவுதான். செடி 8 முதல் 10 சென்டிமீட்டர் உயரம் வந்து நாலைந்து ஜோடி இலை விட்டதும், மேலே உள்ள நுனியைக் கீழே மூன்று ஜோடி இலை மிச்சம் இருக்கிற மாதிரி கிள்ளி எடுத்துவிடுங்கள். இலைக் கக்கத்தில் இருக்கிற மொட்டுகள் எழும்பும், ஒரு கதிர் வர வேண்டிய இடத்தில் நாலு கதிர் வரும். பூ சில வாரம் தள்ளிப்போகும், அதற்கு மனசைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லாச் செடியையும் கிள்ளக் கூடாது. குட்டை ரகங்கள் அடியிலிருந்தே தானாகக் கிளைவிடும்படி உருவாக்கப்பட்டவை, அவற்றைக் கிள்ளினால் நாள்தான் வீண். கொய்மலருக்கு, அதாவது வெட்டிக் குவளையில் வைக்க, வளர்ப்பவர்களும் நீளமான ஒற்றைத் தண்டு வேண்டும் என்று கிள்ளாமல் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கி நடுவார்கள். தோட்டத்துக்கு அந்த நெருக்கம் வேண்டாம். குட்டைக்கு 15 முதல் 20, உயரத்துக்கு 30 சென்டிமீட்டர் விடுங்கள். ஏன் என்பது துரு நோய் பற்றிப் படிக்கும்போது புரியும்.

நர்சரியிலிருந்து குட்டித் தொட்டியில் ஏற்கெனவே பூத்த செடியை வாங்கி வந்தவர்களுக்கு: அந்தப் பூவை வெட்டுங்கள். கஷ்டம்தான், தெரியும். வேர் தொட்டிக்குள் சுற்றிக்கொண்டு நெருக்கடியில் பூத்த செடி அது. பூவோடு நட்டால் அந்த ஒரு கதிரோடு உட்கார்ந்துவிடும்.

நன்றாக வளர்கிறது, இலை செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை

முதலில் சுலபமான இரண்டைக் கழித்துவிடலாம். நாளுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் விழுகிறதா? தழைச்சத்து தூக்கலான உரம், அதாவது புல்தரைக்குப் போடுகிற வகை, பக்கத்தில் எங்கேயாவது விழுகிறதா? இரண்டும் சரியாக இருந்தால் விஷயம் ரகத்தில் இருக்கிறது. வீட்டுத் தோட்டக்காரர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஸ்னாப்டிராகன் நீண்ட பகலில் சீக்கிரம் பூக்கும், குறுகிய பகலில் தாமதமாகப் பூக்கும். அந்த அளவு ரகத்துக்கு ரகம் மாறும். அதனால் கொய்மலர் ரகங்களை விதை நிறுவனங்கள் 1 முதல் 4 வரை குழு பிரித்து வைத்திருக்கின்றன. 1, 2 குழுக்கள் குறைந்த வெளிச்சத்திலும் குறுகிய பகலிலும் குளிர்ந்த இரவிலும் பூக்கக்கூடியவை, 3 இடைப்பட்ட பருவத்துக்கு, 4 நீண்ட பகலும் சூடும் உள்ள காலத்துக்கு. ரகங்களில் சான்டிலி முன் குழுக்களில் வரும், ராக்கெட் 4-இல் வரும், போட்டோமாக் 3-க்கும் 4-க்கும் நடுவில் நிற்கும்.

இப்போது மாற்றி நட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 4-ஆம் குழுவைக் குளிர்காலத்தின் குட்டைப் பகலில் வளர்த்தால் தண்டு தடிக்கும், இலை பெருக்கும், பூ வராது, நாள் நீளும்வரை அசையாமல் நிற்கும். நீங்கள் சொல்கிற அறிகுறி இதுதான். நேர்மாறாக 1, 2 குழுவைச் சூடும் நீண்ட பகலும் சேர்ந்த காலத்தில் நட்டால் அவசரமாக, முழங்கை நீளம்கூட வராமல், மெலிந்த தண்டில் நாலு பூ வைத்துக்கொண்டு முடித்துவிடும். இரண்டு பேரும் உரக் கணக்கைத்தான் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள், பாவம்.

வெப்பமான ஊர்க்காரர்கள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளலாம்: உங்களுக்குச் செடி பூக்கப்போவது ஆண்டின் குளிர்ந்த, பகல் குறைந்த மாதங்களில், ஆகவே முன் குழுக்களைத் தேடுங்கள். கடும் குளிர் அடித்து, செடி கோடையில் பூக்கிற ஊர் என்றால் 3, 4 குழுக்கள். பாக்கெட்டில் குழு எண் இல்லையென்றால் பெரும்பாலும் தோட்டப் படுகைக்கான ரகமாக இருக்கும், அவை இவ்வளவு கறார் கிடையாது.

அருமையாகப் பூத்தது, திடீரென்று நின்றுவிட்டது

வெயில். பகல் வெப்பம் 27 டிகிரியைத் தாண்டித் தொடர ஆரம்பித்தால் செடி மூச்சு வாங்கும், கதிரில் நடுநடுவே பூ இல்லாமல் இடைவெளி விழும், அப்புறம் கதிரே வராது. நீங்கள் ஒன்றும் தப்பு செய்யவில்லை. உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டு, வேருக்கு மூடாக்குப் போட்டு, மதிய வெயில் படாமல் நிழல் கொடுத்து, அளவாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருங்கள், குளிர் திரும்பும்போது பல செடிகள் மறுபடி எழும்பும். வெயில் மிக நீளமான இடத்தில் இந்தப் போராட்டம் தேவையா என்று யோசிப்பேன். அந்த மாதங்களுக்கு ஏஞ்சலோனியா நடலாம், சூட்டைத் தாங்கும், பார்வைக்கும் கொஞ்சம் இதன் தங்கை மாதிரி இருக்கும்.

வெயில் இல்லாமலேயே நின்றிருந்தால் கதிரின் அடியில் பாருங்கள், பச்சைக் காய் பிடித்திருக்கும். விதை வைக்க ஆரம்பித்த செடிக்கு மேற்கொண்டு பூப்பதில் அக்கறை குறைந்துவிடும். பூ முடிந்த கதிரை அடியில் நல்ல இலைக் கணு வரைக்கும் வெட்டுங்கள், வாடிய பூவை மட்டும் நோண்டி எடுப்பதால் பிரயோஜனம் இல்லை.

இலையில் புள்ளி, மாவு, பூசணம்

இலையைத் திருப்பிப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

மேல்பக்கம் வெளிர் மஞ்சள் புள்ளி, அதற்கு நேர் கீழே அடிப்பக்கத்தில் சாக்லேட் நிறப் பொடிக் கொப்புளங்கள், சில சமயம் வட்டம் வட்டமாக, விரலால் தேய்த்தால் பழுப்புப் பொடி ஒட்டும். இது துரு நோய், ஸ்னாப்டிராகனின் பரம எதிரி. இதைப் பரப்பும் பூஞ்சையின் பெயர் பக்சினியா அன்டிரைனி. அமெரிக்காவில் ஏற்கெனவே இருந்த இது 1930-களில் ஐரோப்பாவுக்குப் போய் அங்கே தோட்டங்களைத் துவம்சம் செய்தது, துரு தாங்கும் ரகங்களை உருவாக்கும் வேலை வேகமெடுத்ததும் அதற்குப் பிறகுதான். பக்கத்து ரோஜாவில் துரு இருந்தது, அதிலிருந்து தொற்றியிருக்குமோ என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை, ரோஜாத் துரு வேறு பூஞ்சை, இதில் ஏறாது.

இந்தப் பூஞ்சை வித்து முளைக்க இலை 6 முதல் 8 மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும், அதுவும் குளுமையில். அதாவது நீங்கள் மாலையில் குழாயைப் பிடித்துச் செடியைக் குளிப்பாட்டினால், இரவு முழுக்க ஈரத்தோடு நிற்கும் இலையில் அதற்கு விருந்து வைத்த மாதிரி. காலையில், வேரடியில் மட்டும் ஊற்றுங்கள். இடைவெளி விட்டு நடச் சொன்னதும் இதற்குத்தான், மழையோ பனியோ பட்டாலும் இலை சீக்கிரம் காயும். துரு வந்த இலையைப் பறித்துப் பையில் கட்டி வெளியேற்றுங்கள், மக்குக் குழியில் போடாதீர்கள். பாதிக்கு மேல் பிடித்திருந்தால் செடியையே பிடுங்கிவிடுங்கள், இரக்கம் வேண்டாம், ஒன்று பத்தைக் கெடுக்கும். மருந்து அடிப்பதாக இருந்தால் லேபிளில் பூச்செடித் துரு நோய்க்கு என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மருந்து புது இலையைக் காக்கும், கொப்புளம் வெடித்த இலையைத் திருப்பிக் கொடுக்காது. அடுத்த பருவத்தில் அதே இடத்தில் ஸ்னாப்டிராகன் நடாதீர்கள், பழைய செடியை அடுத்த ஆண்டுக்கு என்று காப்பாற்றி வைக்கவும் வேண்டாம், நோயும் கூடவே காத்திருக்கும். டாஹிட்டி போன்ற சில வரிசைகளைத் துரு தாங்கும் என்று விற்கிறார்கள், உதவும்தான், ஆனால் துரு பூஞ்சையிலும் பல வம்சம் உண்டு, ஒரு இடத்தில் தாங்கின ரகம் இன்னொரு இடத்தில் கவிழ்ந்துவிடலாம்.

இலையின் மேல் வெள்ளை மாவு தூவின மாதிரி இருந்தால் சாம்பல் நோய், காற்றோட்டமும் கந்தக மருந்தும் போதும், பயப்பட வேண்டாம். மாவு மாதிரி அடிப்பக்கத்தில் மட்டும், சாம்பலும் ஊதாவும் கலந்து, இலை வெளிறி ஓரம் கீழே மடங்கி, குருத்து குறுகி நின்றுவிட்டால் அது அடிச்சாம்பல் நோய். பெயர் ஒன்று போல இருந்தாலும் இது செடிக்குள்ளேயே பரவுகிற வகை. பிடுங்குவதுதான் வழி.

மஞ்சளாகிறது

மேல் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை என்றால் இரும்புச்சத்து எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். மண்ணில் இரும்பு இல்லை என்பதைவிட மண்ணின் காரத்தன்மை ஏறிவிட்டது என்பதுதான் பெரும்பாலும் உண்மை. தொட்டிக் கலவையில் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 5.5-க்கும் 6.2-க்கும் இடையில் இருந்தால் நல்லது, நிலத்து மண்ணில் 7 வரை சமாளிக்கும். கடினத் தண்ணீரை மாதக்கணக்கில் ஊற்றினால் தொட்டியில் இது தானாக ஏறும். சீலேட் வடிவ இரும்பு, அதாவது செடி சுலபமாக உறிஞ்சுகிற வகை, உடனடி நிவாரணம், தண்ணீரைச் சரிசெய்வது நிரந்தரத் தீர்வு.

கீழ் இலை மட்டும் சீராக மஞ்சளாகி உதிர்ந்தால் தழைச்சத்துக் குறை, பாதி அளவு கலந்த திரவ உரம் கொடுத்தால் சரியாகும். இங்கேதான் உர டப்பாவுக்கு வேலை.

முழுச் செடியும் தொங்குகிறது

விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விடுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர். ஈரமாக இருந்தும் தொங்கினால் இன்னும் ஊற்றாதீர்கள், வேர் அழுகியிருக்கிறது. செடியைச் சரித்து வேரை உருவிப் பாருங்கள், மேல் தோல் உறை மாதிரி கழன்று வந்தால் முடிந்த கதை. மண்ணில் வடிகால் சரியில்லாமல் அடுத்த செடியை அதே குழியில் வைத்தால் அதுவும் அப்படியே ஆகும்.

பூச்சி

குருத்தில் பச்சையாகக் கூட்டமாக இருந்தால் அசுவினி, எறும்பு ஏறி இறங்குவதே துப்பு. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போகும் (காலையில்!), மிச்சத்துக்கு வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும். வெயில் ஏறும் முன் அடியுங்கள், திறந்த பூவில் படவேண்டாம். மொட்டில் வட்டமாக ஓட்டை இருந்தால் மொட்டுப்புழு உள்ளே குடியிருக்கிறது, அந்தி நேரத்தில் தேடிக் கையால் எடுப்பதைவிட நல்ல மருந்து இல்லை. பூவிதழில் வெள்ளிக் கோடும் வெளிறிய தீற்றலும் இருந்தால் இலைப்பேன். ஒரு பூவை வெள்ளைத் தாள் மேல் தட்டினால் ஊசி நுனி மாதிரி ஓடும். அதோடு இலையில் வளையம் வளையமாகப் பழுப்புத் தழும்பும் தெரிந்தால் இலைப்பேன் கொண்டுவந்த வைரஸாக இருக்கலாம், அதற்கு மருந்தே கிடையாது, செடியை எடுத்துவிடுங்கள்.

கதிர் சாய்கிறது, வளைகிறது, குவளையில் உதிர்கிறது

உயர ரகம் 75 முதல் 90 சென்டிமீட்டர் போகும். அதற்குக் குச்சியோ வலையோ நடும்போதே கொடுக்க வேண்டும், மழையில் விழுந்த பிறகு நிமிர்த்திக் கட்டினால் நடுவில் ஒரு கோணல் நிரந்தரமாகத் தங்கிவிடும். வெட்டிய பிறகும் இந்தத் தண்டுக்கு மேல் எது கீழ் எது என்று தெரியும், படுக்க வைத்தால் சில மணி நேரத்தில் நுனி மேல்நோக்கி வளைந்துவிடும். அதனால் வாளியில் நிறுத்தியே கொண்டுபோங்கள்.

அடியில் மூன்றில் ஒரு பங்கு பூ விரிந்ததும் வெட்டுவதுதான் சரியான நேரம். குவளையில் வைத்த மறுநாளே பூ பொலபொலவென்று உதிர்ந்தால் பக்கத்தில் பழக்கூடை இருக்கிறதா பாருங்கள், பழுக்கிற பழம் விடும் எத்திலீன் வாயு இதற்கு ஆகாது. இன்னொரு காரணம் தேனீ. உள்ளே புகுந்து மகரந்தம் சேர்த்துவிட்டால் பூவுக்கு வேலை முடிந்தது, இதழைக் கழற்றிவிடும். மூடிய வாயைத் திறந்து புக கனமான பம்பிள் தேனீ மாதிரி ஒன்று வேண்டும், அது வருவதற்குள் வெட்டிவிட்டால் தப்பிக்கலாம். மேடம் பட்டர்ஃபிளை மாதிரி அடுக்குப் பூ ரகங்களில் இந்தத் தொல்லை குறைவு, அதன் பூவில் தேனீக்கு வேலை சுலபமில்லை.

சரி, அடுத்த தடவை எந்த ரகம்?

இடத்தை வைத்து முடிவு செய்யுங்கள், பாக்கெட் படத்தை வைத்து அல்ல. தொட்டிக்கும் படுகை ஓரத்துக்கும் ஸ்னாப்ஷாட், மான்டெகோ, ஃபுளோரல் ஷவர்ஸ், எல்லாமே ஒரு சாணுக்குக் கொஞ்சம் முன்பின். தொங்குத் தொட்டிக்குக் கேண்டி ஷவர்ஸ், படர்ந்து வழியும். படுகையின் நடுவே லிபர்ட்டி கிளாசிக்கோ சானட்டோ, அரை மீட்டர் பக்கம், காற்றுக்கும் மழைக்கும் ஓரளவு தாங்கும். முதல் தடவை வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது இந்த நடுத்தர உயரத்தைத்தான், குச்சியும் வேண்டாம், வெட்டிக் குவளையிலும் வைக்கலாம். வெட்டவே வளர்ப்பதானால் ராக்கெட், போட்டோமாக், ஓபஸ், இல்லை வாய் திறந்த பூவுக்குச் சான்டிலி, குழு எண் பார்த்து. வீட்டில் குழந்தை இருந்தால் அடுக்குப் பூவும் வாய் திறந்த பூவும் மட்டும் வாங்கிவிடாதீர்கள். பக்கவாட்டில் அமுக்கினால் வாயைப் பிளக்கிற பழைய வகையில் ஒரு செடியாவது இருக்கட்டும்.

போன வருடச் செடியின் விதையைப் போட்டேன், வேறு நிறத்தில் பூக்கிறது

அது எஃப்1 கலப்பினம், அதாவது இரண்டு வேறு வரிசைகளைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை, அதன் அடுத்த தலைமுறை உயரத்திலும் நிறத்திலும் சிதறும். நிறத்தைப் பற்றிக் கவலை இல்லையென்றால் தாராளமாகச் சேமியுங்கள், என் பாத்தியில் இப்போது இருக்கிற பாதி அப்படி வந்ததுதான். துரு இல்லாத செடியாகத் தேர்ந்தெடுத்து, ஒரு கதிரை மட்டும் வெட்டாமல் விடுங்கள். காய் பழுப்பாகக் காய்ந்து நுனியில் மூன்று ஓட்டை விழும், பார்த்தால் கண் இரண்டும் வாயுமாகக் குட்டி மண்டை ஓடு மாதிரியே இருக்கும். ஓட்டை திறந்த அன்றே காகிதப் பைக்குள் கவிழ்த்துத் தட்டிவிடுங்கள், ஒரு காற்று அடித்தால் போதும், அடுத்த ஆண்டு உங்கள் நடைபாதை இடுக்கில்தான் அவற்றைத் தேட வேண்டியிருக்கும்.